இருபத்தேழாம் இலக்க முத்திரை

முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய பிழைகளைக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். அதில் இரண்டு வருடம் கண் சரியாகத் தெரியாமலே வாங்கினேன்.

இதை இப்போது எழுதுவதற்கு மனந்திரும்பல் காரணமில்லை. போன மாதம் பழைய தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் பரிசோதகர்களுக்கு மை முத்திரை கிடையாது, கணினியில் விரலை வைத்தால் போதும், ஆகவே ஓய்வுபெற்றவர்கள் எவராவது முத்திரையைக் கையோடு கொண்டுபோயிருந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். என்னுடையது மேசை லாச்சிக்குள், காலாவதியான நூலக அட்டைக்குக் கீழே கிடந்தது. சின்னி விரல் அளவு ரப்பர்க் குற்றி. வட்டத்துக்குள் பதினான்கு. அதை உறைக்குள் போட்டு ஒட்டும்போது இருபத்தேழின் ஞாபகம் வந்தது. இருபத்தேழு என்னுடைய இலக்கமல்ல. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அதை இருநூற்று நாற்பது தடவை அடித்தவன் நான்தான்.

நான் தொழில் படித்த கதை பெரிதில்லை. கனடாவுக்கு வந்து பார்க்டேலில் ஆறுபேர் இருந்த அறையில் ஒரு மூலை, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுதல், பின்னேரங்களில் கல்லூரியில் வரைபடம் வாசிக்கும் வகுப்பு. பிறகு ஸ்காபரோவில் உலோகப் பாகங்கள் கடையும் ஒரு தொழிற்சாலை. இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்துவிட்டது என்று ஊருக்கு எழுதினேன். என்ன இன்ஸ்பெக்டர் என்று எழுதவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு மூன்று கலியாணப் பேச்சு வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் பெரும்பாலும் விமானங்களுக்கான குழாய் மூட்டுகள் செய்தோம். பரிசோதகரின் வேலை எளிது. வரைபடத்தைப் பார்க்கவேண்டும். ஒரு முனை மெல்லிசாகவும் மறுமுனை சற்றுத் தடிப்பாகவும் உள்ள உருளை அளவுகோலைப் பாகத்துக்குள் விட்டுப் பார்க்கவேண்டும். போகவேண்டிய முனை போகவேண்டும், போகக்கூடாத முனை போகக்கூடாது. உலகத்தில் நல்லது கெட்டதை இவ்வளவு தெளிவாகப் பிரிக்கும் சாதனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு பூதக்கண்ணாடியால் மேற்பரப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எல்லாம் சரியென்றால் பாகத்தின் உள்விளிம்பில் முத்திரை, பதிவேட்டிலும் முத்திரை. கையெழுத்தை மறுக்கலாம், முத்திரையை மறுக்க முடியாது. இரவல் கொடுக்கக்கூடாது. தொலைந்தால் அன்றைக்கே எழுத்தில் அறிவிக்கவேண்டும். கடைசியாகக் கையில் கண்ட நாளிலிருந்து அந்த இலக்கம் விழுந்த அத்தனை பாகத்துக்கும் சிவப்பு அட்டை கட்டி, மறித்து, வேறொருவர் மறுபடி பார்க்கவேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனையும் உண்டு. கண் வைத்தியரிடம் போய்த் தாளில் ஒப்பம் வாங்கி அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். என் இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியபோது, எல்லா அறிவாளிகளையும் போல நான் வைத்தியரிடம் போவதை நிறுத்தினேன். பழைய தாள் கோப்பிலே கிடந்தது, யாரும் கேட்கவில்லை. அளவுகோல் வேலையைக் கை பார்த்துக்கொண்டது. கீறல் விடயத்தில் கடவுளை நம்பினேன். வீட்டில் ஒரு அலுமாரி நிறையப் புத்தகம். அந்த இரண்டு வருடமும் அவற்றின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கடலுக்கு அப்பால் ஒரு யுத்தம் தொடங்கியது. கனடா எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. எங்கள் தொழிற்சாலை வாசலில் இரண்டு கொடிகள் ஏறின. கூடவே ஒரு புதிய வேலையும் வந்தது. பீரங்கிக் குண்டின் மூக்கில் பூட்டும் அலுமினிய வளையம். கைக்குழந்தைக்குக் காப்பாகப் போடலாம் போலிருக்கும்.

எங்கள் மேலாளர் பீற்றரின் தாய் யுத்தம் நடந்த அந்த நாட்டைச் சேர்ந்தவர். பீற்றர் ஒருநாளும் குரலை உயர்த்தியவரல்ல. கதிரையில் உட்காரமாட்டார். மற்றவருடைய மேசை விளிம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். சட்டைப் பையில் பெப்பர்மின்ற் டப்பா. அதன் மூடி டிக் என்று திறந்தால் யாருக்கோ கெட்ட செய்தி என்று அர்த்தம். முதலில் இனிப்பு, பிறகு செய்தி. இரண்டுபேரை வேலையால் நிற்பாட்டியபோதும் அவர்கள் வாய் நிறையப் பெப்பர்மின்ற் இருந்ததால் பதில் சொல்லவில்லை. "எனக்கு விளங்குவதற்கு உதவி செய்யுங்கள்" என்பார். அது கேள்வியல்ல என்று விளங்க எனக்கு நாலு வருடம் சென்றது.

புதிய வேலைக்கு எல்லோருடைய கண் தாளும் புதிதாக வேண்டும் என்று கேட்டார்கள். நான் வைத்தியரிடம் இடம் கிடைக்கவில்லை என்றேன். தாள் வரும்வரை பதினான்கு நிறுத்தி வைக்கப்பட்டது. பெயருக்கு நான் பரிசோதனைப் பகுதிக்குத் தலைமை, கையில் முத்திரை இல்லை. பகலில் மரியா என்ற போர்த்துக்கேயப் பெண். மூன்று மணிக்குப் பிறகு யோகன்.

யோகன் என்னைவிடப் பத்து வயது இளமை. வன்னிப் பக்கம். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தான். இருபத்தேழு அவனுடைய முத்திரை. நான் பார்த்த பரிசோதகர்களில் அவனுக்கு நிகர் இல்லை. நான் பாஸ் பண்ணிய பாகத்தைத் திருப்பி எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மறுபடி என் மேசையில் வைத்துவிட்டுப் போகும் கெட்ட பழக்கம் அவனுக்கு இருந்தது.

முதல் பெட்டி வந்த அன்று ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"அண்ணை, உது என்ன சாமான்?"

"மூக்கு வளையம்."

"ஆற்ற மூக்குக்கு?"

வரைபடத்தின் மேல் மூலையைக் காட்டினேன். வாசித்தான். வளையத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடியையும் மூடினான்.

"இதை நான் பாக்கமாட்டன். விமானச் சாமான் எவ்வளவெண்டாலும் தாங்கோ."

"வேலையடா இது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அங்கால ஆரோ சண்டை பிடிக்கிறாங்கள்."

"ஓம். அதுதான்."

விமானப் பாகம் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. அவனை அதில் விட்டுவிட்டு வளையத்தை மரியாவுக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் வேலையை வேலைக்காரன் தெரிவுசெய்யக்கூடாது என்று பீற்றர் நினைத்தார். டிக் என்று டப்பா திறந்தது. யோகன் வேண்டாம் என்றான். அதையே பீற்றர் முதல் மறுப்பாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மனிதவளப் பகுதியில் இருந்த பெண்மணி ஒரு படிவம் கொண்டுவந்தா. மத நம்பிக்கை காரணமாக ஒரு வேலையைச் செய்ய முடியாதென்றால் நிரப்பவேண்டியது. அவ நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தா. யோகனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். என்ன மதம் என்ற இடத்தில் சைவம் என்று எழுதினான். உங்கள் மதம் ஆயுதம் செய்வதைத் தடை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி.

"அப்பிடி ஒரு இடத்திலையும் இல்லை" என்றான் யோகன்.

மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். பீற்றர் சாப்பாட்டு அறைச் சுவரைக் காட்டினார். அங்கே நாங்கள் தொங்கவிட்ட கோவில் கலண்டர். "உங்கள் கடவுளே வேலோடு நிற்கிறார். எனக்கு விளங்குவதற்கு உதவி செய்யுங்கள்."

யோகன் கலண்டரை ஆற அமரப் பார்த்தான். "அவர் வச்சிருக்கிறார்தான். அதில என்ர நம்பர் இல்லை."

படிவம் ஒரு கிழமையில் திரும்பி வந்தது. தனிப்பட்ட விருப்பு வெறுப்பு, மத நம்பிக்கையல்ல. அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் தண்டனை என்று பெயர் வைக்க முடியாது. பணித்தேவை காரணமாக யோகன் பாகங்கள் கழுவும் தொட்டிக்கு மாற்றப்பட்டான். பணித்தேவை காரணமாகச் சனிக்கிழமைப் பட்டியலில் பெயர் இல்லை. ஒவ்வொரு மாதமும் வளையம் பார்க்கச் சம்மதமா என்று எழுத்தில் கேட்பார்கள். இல்லை என்றால் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல். மூன்றாவது கடிதத்தோடு வேலை முடியும். முத்திரையை மட்டும் அவனிடமிருந்து வாங்கவில்லை. வாங்கினால் தண்டனை ஆகிவிடும் அல்லவா. தொட்டியடியில் தண்ணீர் படும் என்று யோகன் அதைத் தன் பழைய மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் ஆட்கள் இதில் பின்நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தமிழர் எட்டுப்பேரும் ஆளுக்கொரு கறி கொண்டுவந்து ஒரே மேசையில் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். சட்டி இடமிருந்து வலமாகச் சுற்றும். யோகனுக்கு வந்ததும் அது எப்படியோ குறுக்கே பாயத் தொடங்கியது. கடைசல் பகுதி ராசன்தான் வாய்.

"புத்தர் இறால் சாப்பிடமாட்டார், இஞ்சால தாங்கோ."

"சாப்பிடுவன். தாங்கோ" என்றான் யோகன்.

"ஊரிலையும் ஓடி ஒளிச்சவர். இஞ்ச வந்தும் ஓட்டம்தான். எங்கட வேலையையும் சேத்துக் கெடுக்கப்போறார்."

யோகன் ஊரில் ஒளித்தது உண்மை. ஆள் பிடிக்க வந்த எவரோடும் போகாமல் மாமன் வீட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஐந்து மாதம் இருந்தவன். அதை இரகசியமாக என்னிடம் சொல்லியிருந்தான். நான் அதை ஒரேயொருவருக்கு மட்டும்தான் சொன்னேன். அந்த ஒருவர் ராசன். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் சாப்பாட்டு நேரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போட்டேன். மனச்சாட்சியைப் பற்றி நான் வாசித்த புத்தகங்களில் பதினைந்து நிமிடம் தள்ளிச் சாப்பிட்டவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒரு விடயம் சொல்லவேண்டும். பீற்றரின் மச்சாள் ஒருத்தி அந்த நாட்டில், நிலக்கீழ் அறை ஒன்றில் பிள்ளைகளோடு இருந்தா. திங்கட்கிழமைகளில் பீற்றர் தொட்டியடியால் போகும்போது, "உங்கட மச்சாளிட்ட இருந்து கதை ஏதும் வந்ததோ?" என்று யோகன் ஆங்கிலத்தில் கேட்பான். தொழிற்சாலையில் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். கொடி ஏற்றியவர்கள் கேட்கவில்லை. பீற்றர் நின்று பதில் சொல்வார். சொல்லிவிட்டுப் போய் அடுத்த கடிதத்தில் ஒப்பம் வைப்பார்.

இரண்டு கடிதம் ஆகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை பீற்றர் என் மேசை விளிம்பில் சாய்ந்தார். டிக்.

"இருநூற்று நாற்பது வளையம் தேங்கிக் கிடக்கிறது. மரியாவால் முடியவில்லை. ஏழு மணிக்கு பிறம்ரன் களஞ்சியத்துக்கு லொறி போகும். திங்கட்கிழமை யோகனிடம் கடைசியாகக் கேட்பேன். உங்கள் கண் தாள் என்ன ஆயிற்று?"

"வாற கிழமை" என்றேன், பெப்பர்மின்ற்றோடு.

அவர் போனபிறகு யோசித்தேன். என் சிந்தனையின் அழகை இன்றைக்கும் வியக்கிறேன். அந்த வளையங்களில் இருபத்தேழு விழுந்துவிட்டால் லொறி போகும். யோகன் மனம் மாறிவிட்டான் என்று பீற்றர் நினைப்பார். மூன்றாவது கடிதம் வராது. பதினோராம் மாடியில் நாலுபேர் நிம்மதியாக இருப்பார்கள். என் கண்ணைப் பற்றியும் எவரும் கேட்கமாட்டார்கள். கடைசிக் காரணம் எனக்குக் கடைசியாகத்தான் தோன்றியது என்று சத்தியம் செய்யத் தயாராயிருந்தேன்.

லாச்சி பூட்டியிருக்கவில்லை. மூன்று மணி நேரம் பார்த்தேன். போகவேண்டிய முனை போனது, போகக்கூடாத முனை போகவில்லை. பூதக்கண்ணாடியால் பார்த்தபோது எல்லா வளையமும் வெள்ளைப் பனிப்புகாருக்குள் சமமாகத்தான் தெரிந்தன. யோகன் இருநூற்று நாற்பது தடவை சம்மதித்தான். பதிவேட்டில் இன்னொருமுறை.

திங்கள் பின்னேரம் பீற்றர் நேரே தொட்டியடிக்குப் போய்க் கையை நீட்டினார். யோகன் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தான். "நன்றி. உங்களுக்கு இது இலேசாக இருந்திருக்காது" என்றார் பீற்றர். தொட்டி மோட்டர் சத்தத்தில் மிச்சம் எனக்குக் கேட்கவில்லை. யோகன் அங்கிருந்து பதிவேட்டிடம் போனான். பதிவேட்டிலிருந்து என்னிடம் வந்தான்.

"அண்ணை, இது நீங்களோ?"

"உனக்காகத்தான்டா. இண்டைக்கு மூண்டாவது கடிதம் வந்திருக்கும்."

"வந்திருக்கட்டும்."

"பிள்ளையளை யோசிச்சுப் பாத்தியே?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிறன்." பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அண்ணை, எங்கட வளவுக்குள்ள ஷெல் விழுந்தது. பக்கத்து வீட்டில மூண்டுபேர் செத்துப்போச்சினம். விடிய நான் போய் ஒரு துண்டு பொறுக்கினனான். உள்ளுக்க சின்ன வட்டம், வட்டத்துக்க ஒரு நம்பர் குத்தியிருந்தது. என்னெண்டு அப்ப விளங்கேல்லை. இஞ்ச வந்து இந்த வேலை பழகின முதல் நாள்தான் விளங்கினது."

நான் பூதக்கண்ணாடியைத் துடைத்தேன்.

"அந்த நம்பர்க்காரன் கெட்டவனாய் இருந்திருக்கமாட்டான். ஒழுங்காப் பாத்துத்தான் அடிச்சிருக்கிறான். வெடிச்சதுதானே. எனக்கு அவனோட கோவம் ஒண்டும் இல்லை. அவனாய் இருக்கமாட்டன், அவ்வளவுதான்."

"பீற்றரின்ர ஆக்கள் பாவம்தானே?"

"பாவம்தான். நான் அவரை மறிக்கேல்லையே. என்ர நம்பரைத்தான் மறிச்சனான்." எழும்பினான். "முத்திரை வெள்ளிக்கிழமை என்ர கையில இருக்கேல்லை எண்டு எழுதிக் குடுக்கப்போறன்."

"அப்ப ஆர் அடிச்சது எண்டு கேப்பாங்கள்."

"அதுக்கு எனக்கு மறுமொழி தெரியாது எண்டுதான் எழுதுவன். உங்கட பாட்டை நீங்கள் பாருங்கோ."

அறிவித்தல் போனது. சட்டப்படி பிறம்ரனில் பெட்டிகள் மறிக்கப்பட்டன, சிவப்பு அட்டை ஏறியது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பீற்றரின் அறையில் நால்வர். பீற்றர், மனிதவளப் பெண்மணி, யோகன், பகுதித் தலைமை என்ற முறையில் நான். அன்றைக்கு டப்பா திறக்கவில்லை.

பீற்றர் நினைத்தது நியாயமானது. யோகன் வெள்ளிக்கிழமை அடித்துவிட்டான், திங்கட்கிழமை மனம் குழம்பிப் பொய் அறிவித்தல் கொடுத்துவிட்டான். வளையம் பார்க்க மறுத்தால் மூன்றாம் கடிதம்தான். முத்திரை விடயத்தில் பொய் சொன்னால் கடிதமே தேவையில்லை, உடனே வாசல். வேறெந்தத் தொழிற்சாலையும் அதற்குப் பிறகு பரிசோதகனாக எடுக்காது.

"வெள்ளிக்கிழமை நீங்கள் அடித்தீர்களா?"

"இல்லை."

"யார் அடித்தது?"

"நான் காணேல்லை."

யோகன் என்னைப் பார்க்கவுமில்லை. பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டாவது பேசாமல் இருந்திருப்பேன். பீற்றர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பணிநீக்கக் கடிதம். பகுதித் தலைமை சாட்சியாக வாசித்து ஒப்பம் வைக்கவேண்டும்.

"சத்தமாக வாசியுங்கள். அவருக்கும் கேட்கட்டும்."

தாளைக் கிட்டப் பிடித்தேன், தூரப் பிடித்தேன். சாம்பல் நிறத்தில் சில வரிகள், எறும்பு போனமாதிரி. பேனையை மட்டும் கொடுத்திருந்தால் வாசிக்காமலே ஒப்பம் வைத்திருப்பேனோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். வாசிக்கச் சொன்னதுதான் மாட்டிவிட்டது. 

"எனக்கு வாசிக்க முடியவில்லை" என்றேன். பெண்மணி நான் கலங்கிவிட்டேன் என்று நினைத்து மூக்குத் துடைக்கும் தாளை நீட்டினா. "அதில்லை. கண் தெரியாது. வெள்ளிக்கிழமையும் தெரியவில்லை."

பீற்றரின் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "எனக்கு விளங்குவதற்கு உதவி செய்யுங்கள்" என்றார். முதல் தடவையாக அது கேள்வியாக இருந்தது.

இதை வீரம் என்று யாரும் எழுதவேண்டாம். எனக்கு ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு. அந்த மாதத்தில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். திரும்பிப் போனபோது தலைமைப் பதவி மரியாவிடம் இருந்தது. பதினான்கு எனக்கு மறுபடி கிடைக்கப் பத்து மாதம் ஆனது. லாச்சிகளுக்குப் பூட்டு வந்தது. முத்திரையை வேலை தொடங்கும்போது ஒப்பமிட்டு எடுத்து முடியும்போது ஒப்பமிட்டுக் கொடுக்கும் விதியும் வந்தது. கைநூலில் அந்த விதியின் தந்தை என்று என் பெயரைப் போடவில்லை.

யோகனின் பணிநீக்கக் கடிதம் கிழிந்தது. வெளியே தெரிந்தால் கதை எப்படிப் போகும் என்று பெண்மணிக்குப் பட்டிருக்கவேண்டும், மாதாந்தக் கேள்வியும் நின்றது. ஆனால் ஒருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் உட்பட. அந்த வளைய வேலை முடியும்வரை, ஒரு வருடத்துக்கு மேல், தொட்டியிலேயே விட்டார்கள். முடிந்தபிறகு பரிசோதனை மேசைக்கு வந்தான். இருபத்தேழு கறைபட்ட இலக்கம் என்று நாற்பத்தொன்றைக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைச் சட்டி கொஞ்சம் கொஞ்சமாக அவனிடமும் நிற்கப் பழகியது. பீற்றரின் மச்சாள் பிள்ளைகளோடு வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தா. அந்தச் செய்தியைப் பீற்றர் முதலில் போய்ச் சொன்னது தொட்டியடியில்.

நான் ஓய்வுபெற்ற அன்று சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். ராசன் என் கூர்மையான பார்வையைப் பற்றி ஒரு சிறிய உரை ஆற்றினான். எல்லோரும் கலைந்தபிறகு யோகன் காகிதத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அதுவரை நாங்கள் கதைத்ததில்லை.

"அந்த இருநூற்றி நாப்பதையும் மரியா திருப்பிப் பாத்தவ. தெரியுமோ?"

"ஓம். என்னவாம்?"

"பதினொண்டு பிழை. அண்ணை, என்ர நம்பரை அடிச்சனீங்கள், சரி. ஒழுங்காப் பாத்தாவது அடிச்சிருக்கலாம்."

கேக்கை விழுங்கிக்கொண்டு யோசித்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கும் ஒரு சிறு ஆறுதல் கிடைக்கும் போலிருந்தது.

"அப்ப ஒருவிதத்தில நல்லதுதானே. மரியா பிடிக்காட்டி பதினொரு ஷெல் வெடிச்சிராது. நானும் சமாதானத்துக்கு என்ர பங்குக்கு ஏதோ செய்யப் பாத்திருக்கிறன்."

யோகன் விரலில் ஒட்டியிருந்த கிறீமைத் துடைத்தான்.

"கீறல்தான் அண்ணை. வெடிக்கிறதுக்கு ஒரு குறையும் வந்திருக்காது."